சீதனக் குசினி

சனிக்கிழமை காலை பிரணவி தேநீருக்குச் சீனி எடுக்கக் குசினி அலுமாரிக் கதவைத் திறந்தாள். தொட்டிக்கு மேலே இருந்த சுவர் அலுமாரி முன்னால் சரிந்தது. விழவில்லை. இடப்பக்கம் மட்டும் சுவரை விட்டு ஒரு விரல் அகலம் விலகி, அப்படியே நின்றது. உள்ளே போத்தல்கள் ஒன்றோடொன்று முட்டிக் கிலுங்கின.

அவள் இரண்டு கைகளாலும் அதைத் தாங்கிப் பிடித்தாள். கத்த வேண்டிய நேரத்திலும் அவளுக்குக் கத்த வராது.

“சஞ்சீவ்,” என்றாள். “ஒருக்கா வாறீங்களோ?”

அவளுடைய கணவன் சஞ்சீவன் வாய் நிறையப் பற்பசை நுரையோடு வந்து எட்டிப் பார்த்தான்.

“என்ன, அலுமாரியைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிக்கிறீர்?”

“விட்டா விழும்.”

“கன நேரமோ?”

“நீங்கள் பல்லுத் தீட்டி முடியும் வரைக்கும் நிக்கலாம் எண்டு நினைச்சன்.”

அவன் ஓடிப்போய்த் துப்பிவிட்டு வந்து, கீழே குனிந்து தோளைக் கொடுத்தான். அவள் உள்ளே இருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள். பருப்பு, அரிசிமா, கோப்பித்தூள், கொக்குவிலிலிருந்து அண்ணி வறுத்து அனுப்பிய மிளகாய்த்தூள் டின். எல்லாம் வெளியே வந்த பிறகும் அலுமாரி நிமிரவில்லை.

“ஆரையும் கூப்பிடுவமோ?” என்றான் சஞ்சீவன், தோளை எடுக்காமலே.

“ஆரை?”

ஒக்லாந்தில் தமிழ்ச் சனம் எவ்வளவுதான் பெருகினாலும், ஒரு வீட்டுக் கதை இன்னொரு வீட்டுக்குப் போக ஒரு வெள்ளிக்கிழமைப் பூசை போதும். மரவேலை தெரிந்த தமிழர் எவரைக் கூப்பிட்டாலும் அது பிரதாபனின் காதுக்குப் போகும். பிரதாபன் பிரணவியின் அண்ணன். அந்தக் குசினி அவன் செய்தது.

செய்தது என்று சொன்னால் போதாது. அது அவன் கொடுத்த சீதனம்.

அப்பா இறந்தபோது பிரணவி பள்ளிக்கூடப் பிள்ளை. அதன்பின் எல்லாம் அண்ணன்தான். கொக்குவிலில் அவனுக்கு ஒரு தளபாடப் பட்டறை இருந்தது. மேசையும் கதிரையும் செய்து அவளை விஞ்ஞானம் படிக்க வைத்தான். பிறகு பட்டறையையே விற்று ஒக்லாந்துக்கு மேற்படிப்புக்கு அனுப்பினான். அவள் படித்து முடித்து, விரி என்ற புறநகரில் ஓர் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, சஞ்சீவனைக் கட்டினாள். சஞ்சீவன் வீட்டார் சீதனம் ஒன்றும் கேட்கவில்லை. எல்லாருக்கும் அது மகிழ்ச்சி, பிரதாபனைத் தவிர.

“வேண்டாம் எண்டது அவையின்ரை பெரிய மனசு,” என்று தொலைபேசியில் சொன்னான். “குடுக்காமல் விட்டா அது என்ரை சின்ன மனசு.”

சில வருடங்களில் அவனும் வேலை விசாவில் வந்து சேர்ந்தான். பென்ரோஸில் சமையலறை பொருத்தும் ஒரு கம்பனியில் வேலை; சாமான் ஏற்றி ஓட யூட் என்ற சிறு பாரவண்டி ஒன்றும் வைத்திருந்தான். மனைவி வசந்தமலரும் இரண்டு மகள்மாரும் கொக்குவிலில் இருந்தார்கள். வதிவுரிமை கிடைத்தால்தான் அவர்களை இங்கே கூப்பிட முடியும். அதற்கு விண்ணப்பம் போட்டாயிற்று. மருத்துவப் பரிசோதனைக்கு அழைப்பு வரவேண்டும். அது ஒன்றுதான் மிச்சம்.

பிரணவியும் சஞ்சீவனும் வெஸ்ட்கேட்டுக்குக் கிட்ட ஒரு பழைய மரவீட்டை வாங்கித் திருத்தத் தொடங்கியபோது, பிரதாபன் சமையலறை வாசலில் இரண்டு கைகளையும் விரித்து மறித்துக்கொண்டு நின்றான்.

“குசினி என்ரை. ஒருத்தரும் கை வைக்கப்படாது.”

குளிர்காலம் முழுக்க, வேலை இல்லாத நாட்களில் வந்து செய்தான். பழையதைப் பிடுங்கி, புதியதைப் பூட்டி, முடிந்த அன்று நடுவில் நின்று சுற்றிவரப் பார்த்தான். பிறகு சஞ்சீவனின் கையைப் பிடித்துச் சொன்னான்: “மச்சான், இண்டைக்குத்தான் நான் உமக்குப் பொம்பிளை தந்தனான்.”

அப்படிப்பட்ட குசினியில் எப்படிக் குறை சொல்வது?

குறைகள் முதல் மாதமே தெரிந்தன. ஒரு கதவின் பிணைச்சல் கழன்று தொங்கியது. பிரணவி திருப்புளியை எடுத்துத் தானே பூட்டினாள். இன்னோர் அலுமாரியின் விளிம்பில் ஒட்ட வேண்டிய பட்டி ஒட்டாமல் கிடந்தது. சஞ்சீவன் கடையில் வாங்கி ஒட்டினான். “சீதன மாட்டுக்குப் பல்லுப் பாக்கிறவன் நல்ல மாப்பிள்ளை இல்லை,” என்று சிரித்தான். பிரதாபன் ஞாயிறுதோறும் சாப்பிட வருவான். வந்ததும் அலுமாரிக் கதவுகளைத் திறந்து மூடிப் பார்ப்பான். “நல்லா இருக்கு, அண்ணா,” என்பாள் பிரணவி. அவன் திருப்தியோடு கை கழுவப் போவான்.

இப்போதும் அதையே செய்வது என்று இருவரும் முடிவெடுத்தார்கள். நாளை மதியம் அண்ணன் வருவதற்குள் கழற்றி, சரியாகப் பூட்டி, ஒன்றும் நடக்காததுபோல் மிளகாய்த்தூள் டின்னை உள்ளே வைத்துவிடலாம்.

“நான் ட்ரில் பிடிச்சதை மச்சான் அறிஞ்சா எனக்கும் விவாகரத்து, உமக்கும் விவாகரத்து,” என்றான் சஞ்சீவன். அவன் வங்கியொன்றில் கணினி வேலை செய்பவன். ட்ரில்லைப் பூனைக்குட்டியைத் தூக்குவதுபோல் தூக்கினான்.

அலுமாரியைக் கழற்றி நிலத்தில் இறக்கினார்கள். பிரணவி கதிரையில் ஏறிச் சுவரைப் பார்த்தாள்.

இந்த ஊர் வீடுகளில் உட்சுவர் என்பது விரல் தடிப்பில் ஒரு ஜிப்சம் பலகை. அதற்குப் பின்னால் இடைவெளி விட்டு மரச்சட்டங்கள் நிற்கும். திருகாணி மரத்தில் இறங்கினால் பாரம் தாங்கும். பலகையில் மட்டும் இறங்கினால் கொஞ்ச நாள் தாங்குவதுபோல் நடிக்கும். அவ்வளவுதான் விஷயம். பிரதாபனே அவளுக்குச் சொல்லித் தந்தது.

வலப்பக்கத்தில் திருகாணிகள் இறங்கிய துளைகள் சுத்தமாக இருந்தன. உள்ளே மரம் தெரிந்தது. பென்சில் கோடு மயிரிழை பிசகாமல் இருந்தது. அண்ணனின் கோடு. இடப்பக்கத்தில் கோடே இல்லை. ஒரு திருகாணி வெறும் பலகையில் இறங்கி, பலகையைக் கிழித்துக்கொண்டு வந்திருந்தது. மற்றது போடப்படவே இல்லை.

“அவசரத்திலை விட்டிருப்பார்,” என்றான் சஞ்சீவன்.

பிரணவி அடுத்த அலுமாரியைத் திறந்து உள்ளே கைவிளக்கைப் பிடித்தாள். வலப்பக்கம் இறுக்கம். இடப்பக்கத்துத் துளை வெறுமையாக இருந்தது. அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்ததில் இடப்பக்கம் ஒரு திருகாணி இருந்தது, பாதி மட்டும் இறங்கி. அவள் பூட்டிய பிணைச்சல் ஒரு கதவின் இடப்பக்கத்தில் இருந்தது. சஞ்சீவன் ஒட்டிய பட்டியும் இடது விளிம்பில்தான்.

அவள் கதிரையிலிருந்து இறங்கிச் சலவை அறைக்குப் போனாள். அங்கே இருந்த அலுமாரியும் பிரதாபன் பூட்டியதுதான், ஆனால் எல்லாவற்றுக்கும் முதல் பூட்டியது. இரண்டு பக்கமும் பார்த்தாள். இரண்டு பக்கமும் இறுக்கம்.

திரும்பி வந்து நிலத்தில் உட்கார்ந்தாள்.

பரிசோதனைக் கூடத்தில் புதிதாகச் சேர்பவர்களுக்கு அவள் முதலில் சொல்வது ஒன்று உண்டு. பிழைகள் அங்கொன்று இங்கொன்றாகச் சிதறிக் கிடந்தால் அது கவனக்குறைவு, திட்டலாம். எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து கிடந்தால் ஆளைத் திட்டாதே, கருவியைப் பார். கருவியில்தான் கோளாறு.

“என்ன, முகம் ஒரு மாதிரி?” என்றான் சஞ்சீவன்.

“போன கிழமை அண்ணா சாப்பிடேக்கை கத்தரிக்காய் இல்லையோ எண்டு கேட்டவர். ஞாபகமோ?”

“ஓம். சாப்பாட்டுக் கோப்பையிலை கிடந்தது. நான் பகிடி எண்டு நினைச்சன்.”

“எந்தப் பக்கம் கிடந்தது?”

சஞ்சீவன் யோசித்தான். யோசித்தவன் ட்ரில்லை மெதுவாகக் கீழே வைத்தான்.

“யூட்டின்ரை கண்ணாடியும் உடைஞ்சு கிடக்கு,” என்றான். “இடப்பக்கக் கண்ணாடி. தரிப்பிடத்திலை ஆரோ தட்டிப்போட்டாங்கள் எண்டவர்.”

அவர்கள் கழற்றியது ஓர் அலுமாரியைத்தான். ஆனால் பிரணவி எழுந்து அடுத்ததையும் கழற்றத் தொடங்கினாள். சஞ்சீவன் தடுக்கவில்லை, தோளைக் கொடுத்தான்.

மத்தியானம் தாண்டி, வாசலில் யூட் திரும்பும் சத்தம் கேட்டது. உடனே பிளாஸ்டிக் நசுங்கும் சத்தம். பிரணவி யன்னலால் பார்த்தாள். வாசலின் இடப்பக்கம் நின்ற குப்பை வாளி சிவப்பு மூடி திறந்து புல்லில் கிடந்தது. பிரதாபன் இறங்கி, அதைத் திரும்பியும் பாராமல் வீட்டுக்குள் வந்தான்.

“இண்டைக்கு ஏன் வாறார்?” என்று சஞ்சீவன் கிசுகிசுத்தான். ஒளித்து வைக்க நேரம் இருக்கவில்லை. இரண்டு அலுமாரிகள் ஒளித்து வைக்கக்கூடிய பொருளும் அல்ல.

“பிள்ளை, ஒரு தேத்தண்ணி போடு,” என்றபடி வந்த பிரதாபன் சமையலறை வாசலில் நின்றுவிட்டான். அவன் முகம் ஏற்கெனவே வெளிறித்தான் இருந்தது. இப்போது கறுத்தது.

“ஆர் கழட்டினது?”

“நான்தான், மச்சான்,” என்றான் சஞ்சீவன். “பெயிண்ட் அடிப்பம் எண்டு...”

“பெயிண்ட் அடிக்க அலுமாரி கழட்டுற ஆளை இண்டைக்குத்தான் காணுறன்.” பிரதாபன் உள்ளே வந்தான். “வேலை சரியில்லையோ? இல்லையெண்டா என்னட்டைச் சொல்லுறது. அதென்ன, நான் இல்லாத நேரம் பாத்து? சீதனம் வேண்டாம் எண்ட ஆக்கள், தந்ததைக் கழட்டி நிலத்திலை வைக்கிறதோ?”

சஞ்சீவன் பிரணவியைப் பார்த்தான்.

“அண்ணா, இஞ்சை வந்து பாருங்கோ,” என்றாள் பிரணவி.

பிரதாபன் சுவருக்குக் கிட்டப் போனான். வலப்பக்கத் துளைகளை விரலால் தடவினான். “இதிலை என்ன பிழை? மரத்துக்குள்ளை நேரா இறங்கியிருக்கு. பார்.”

“இடப்பக்கம், அண்ணா.”

அவன் கழுத்தைத் திருப்பினான். கழுத்தோடு தோளும் திரும்பியது. சுவரில் கிழிந்து கிடந்த இடத்தைக் கண்டுபிடிக்க அவனுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. விரலை அதற்குள் விட்டான். வெள்ளைத் தூள் கொட்டியது.

“மற்றதுகளும் இப்பிடியோ?”

“எல்லாம்.”

அவன் கையை எடுத்து, காற்சட்டையில் துடைத்தான். பிறகு மிகவும் அமைதியாக, “மச்சான், வாசல்லை வாளியை இடிச்சுப்போட்டன். சத்தம் கேட்டது. ஒருக்கா நிமித்தி விடுறீரோ?” என்றான்.

சஞ்சீவன் வெளியே போனான். வாளியை நிமிர்த்திவிட்டு, உள்ளே வராமல் அங்கேயே நின்றான்.

“எப்ப இருந்து, அண்ணா?”

“குளிர் தொடங்கேக்கை.” பிரதாபன் நிலத்தில் இருந்த அலுமாரியின் மேல் உட்கார்ந்தான். “ஒரு நாள் விடிய எழும்பினா, தலையைப் பிளக்கிற மாதிரி இடி. குளிசை போட்டுப் படுத்திட்டன். பிறகு எழும்பினா இந்தப் பக்கம்...” இடது கையைத் தூக்கினான். தூக்கிய கையைத் தேடுவதுபோல் தலையைத் திருப்பினான். “இருட்டில்லை, பிள்ளை. இருட்டெண்டாத் தெரியும்தானே. இது ஒண்டுமில்லாத மாதிரி. இல்லாததை இல்லையெண்டும் தெரியாது. எதிலையாவது போய் இடிச்சாத்தான் தெரியும்.”

“ஏன் எனக்குச் சொல்லேல்ல?”

“நீ ஏன் எனக்குச் சொல்லேல்ல?” அவன் குரல் உயரவில்லை. “இண்டைக்குத்தானோ முதல் முதல் கழண்டது?”

“இல்லை. முதல் மாசமே ஒரு பிணைச்சல் கழண்டது.”

“ஆர் பூட்டினது?”

“நான்.”

“நல்லாப் பூட்டியிருக்கிறாய்.” அவன் தலையை ஆட்டினான். “ஞாயிறு ஞாயிறு வந்து பாப்பன். கதவெல்லாம் நேராக் கிடக்கும். நீயும் நல்லா இருக்கு எண்டு சொல்லுவாய். அப்ப எனக்குக் கனக்க ஒண்டுமில்லை, வேலை பிசகாமல்தான் செய்யிறன், மெடிக்கல் முடியும் வரைக்கும் சமாளிக்கலாம் எண்டு நினைச்சுக்கொண்டு போவன். கம்பனியிலை எனக்குப் பின்னாலை ஒரு பெடியன் வந்து எல்லாம் இறுக்கிப் பாப்பான். அங்கை தெரியாது. உன்ரை குசினியை வைச்சுத்தான் நான் என்னை அளந்தனான்.”

அன்றைக்குப் பிணைச்சல் பூட்டிய அதே திருப்புளி மேசையில் கிடந்தது. அவள் அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள்.

“இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவம்,” என்றாள்.

“விசரோ உனக்கு? போனா எல்லாம் எழுதுவாங்கள். கண்ணும் தலையும் பழுதாப் போன ஆளுக்கு ஆர் ரெசிடென்ஸ் தாறது? மெடிக்கலுக்குக் கூப்பிடட்டும். அதை ஒருமாதிரி ஓட்டிட்டு, அவளும் பிள்ளையளும் வந்து இறங்கட்டும். அடுத்த நாளே வாறன். நீயே கொண்டுபோ.”

“அதுவரைக்கும் யூட் ஓடுவீங்களோ?”

பிரதாபன் குனிந்து, காற்சட்டையில் ஒட்டியிருந்த வெள்ளைத் தூளைத் தட்டினான்.

“அண்ணா, இண்டைக்கு ஏன் வந்தனீங்கள்? நாளைக்குத்தானே வாற நாள்.”

அவன் தன் கைகளைப் பார்த்தான்.

“உங்கை கடைகளடியிலை, ஆக்கள் கடக்கிற கோட்டிலை,” என்றான். “ஒரு பொம்பிளை, பிள்ளைவண்டி தள்ளிக்கொண்டு. இந்தப் பக்கத்தாலை வந்திருக்கிறாள். நான் காணேல்ல. பொனட்டிலை கையாலை ஓங்கி அடிச்சாள். அடிச்ச பிறகுதான் கண்டன். வண்டில் அவ்வளவு கிட்ட நிக்குது. பிள்ளை சிரிச்சுக்கொண்டிருக்கு.” நிறுத்தினான். “அங்காலை ஓடப் பயமாக் கிடந்தது. அதான் இஞ்சை வந்தனான்.”

யூட்டின் திறப்பு மேசையில், மிளகாய்த்தூள் டின்னுக்குப் பக்கத்தில் கிடந்தது. உள்ளே வந்ததும் அவன் வழக்கமாக வைக்கும் இடம் அதுதான். பிரணவி அந்தச் சாவியை எடுத்துக் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

“திறப்பைத் தா, பிள்ளை.”

“தரமாட்டன்.”

“பிரணவி.”

“தரமாட்டன், அண்ணா.”

வாழ்நாளில் அவள் அவனுக்கு மறுத்துச் சொன்ன முதல் சொல் அது. சொன்ன பிறகு அவளுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. திறப்பின் பல் உள்ளங்கையில் குத்தியது.

பிரதாபன் எழும்பினான். அடிப்பானோ, வெளியே நடப்பானோ என்று அவள் நினைத்த நேரம் அவனுடைய தொலைபேசி அடித்தது. வசந்தமலர். கொக்குவிலில் அப்போதுதான் விடிந்திருக்கும். ஒவ்வொரு நாளும் அடுப்பை மூட்டிவிட்டு எடுப்பாள். அவன் எடுக்காமல் விட்டால் பதறுவாள். மூச்சை இழுத்துவிட்டு, எடுத்தான்.

“எங்கை நிக்கிறியள்? ஓ, பிரணவி வீட்டையோ?” திரையிலிருந்து வசந்தமலரின் குரல் சமையலறை முழுக்க நிறைந்தது. “அது என்ன, அலுமாரியெல்லாம் நிலத்திலை கிடக்கு? நல்லாத்தானே செய்தனீங்கள்?”

“பிரணவிக்கு உயரம் காணாதாம். கொஞ்சம் ஏத்திப் பூட்டுறம்.”

“பாத்தியளே! தங்கச்சி வாய் திறக்க முதல் செய்வியள். நான் இஞ்சை கோழிக்கூட்டுக் கதவுக்குக் கலியாணம் கட்டின நாளிலை இருந்து சொல்லிக்கொண்டிருந்தனான்.”

“அது கோழிக்குப் பழகிட்டுது.”

வசந்தமலர் சிரித்தாள். பின்னால் ஒரு சின்னக் குரல் ஏதோ கேட்டது. “சின்னவள் கேக்கிறாள், அங்கை எங்கடை குசினி என்ன நிறமாம்?”

பிரதாபன் தொலைபேசியை முகத்துக்கு நேரே பிடித்திருந்தான். பிறகு கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்தினான். அப்போதுதான் திரையில் இருந்த முகம் அவனுக்கு முழுதாகத் தெரிந்திருக்க வேண்டும்.

“அவளையே யோசிச்சு வைக்கச் சொல்லு,” என்றான். “வேலை கிடக்கு. பிறகு எடுக்கிறன்.”

திரை அணைந்தது. தொலைபேசியைச் சட்டைப் பையில் வைக்கப் போனான். பை இடப்பக்கம் இருந்தது. இரண்டு தரம் தவறியது. பிரணவி உதவப் போகவில்லை. அவனாகவே வைக்கட்டும் என்று நின்றாள்.

“அவளுக்கு நீ சொல்லாதை,” என்றான். “நான் சொல்லுவன். என்னண்டு சொல்லுறது எண்டு தெரியேல்ல. ஆனா நான்தான் சொல்லோணும்.”

“ஓம், அண்ணா.”

“திறப்பை நீயே வைச்சிரு.”

அவள் கையை விரிக்கவில்லை. விரித்தால் அழுதுவிடுவாள்.

ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிட அவன் சம்மதிக்கவில்லை. குசினியை இப்படிப் பிரித்துப் போட்டுவிட்டுப் போக முடியாது என்றான். தொட்டிக்கு மேலே இருப்பதையாவது பூட்ட வேண்டும். பிரணவி வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். பிறகு வாசலுக்குப் போய் சஞ்சீவனைக் கூப்பிட்டாள். அவன் கை கழுவிவிட்டு வந்து, அலுமாரியைத் தூக்க நின்றான்.

பிரதாபன் சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனான். பொள், பொள், பொள் என்று கேட்டது. ஓரிடத்தில் சத்தம் இறுகியது.

“இஞ்சை மரம். கோடு போடு.”

அவள் கோடு போட்டாள். அவன் தொடர்ந்து இடப்பக்கம் தட்டினான். கண்ணை மூடிக்கொண்டு தட்டினான். சத்தம் மறுபடி இறுகிய இடத்தில் நிறுத்தினான். அவள் மறுபடி கோடு போட்டாள். சஞ்சீவன் அலுமாரியைத் தூக்கித் தோளில் தாங்கினான்.

“நேரா நிக்குதோ, பிள்ளை?”

நீர்மட்டக் கருவியை அலுமாரியின் அடியில் பிடித்து, நடுவில் நின்ற குமிழியைப் பார்த்தாள். “நேரா நிக்குது.”

“இப்ப ஆணியைப் போடு. நீயே போடு. கையை ஆட்டாதை. சாய்க்காதை. மரம் பிடிச்சா உனக்கே தெரியும்.”

பிடித்தது. ட்ரில்லின் சத்தம் தாழ்ந்து, மணிக்கட்டில் ஓர் இழுப்புத் தெரிந்தது. அவன் கையால் தடவித் திருகாணியின் தலையைத் தேடினான். பலகையோடு பலகையாக இருந்தது. அலுமாரியைப் பிடித்துக் கீழே இழுத்துப் பார்த்தான். அசையவில்லை. “சரி,” என்றான். சஞ்சீவன் தோளை எடுத்தான். யாரும் சிரிக்கவில்லை. மிளகாய்த்தூள் டின் மேசையிலேயே கிடந்தது.

யூட் வாசலை மறித்து நின்றதால் சஞ்சீவன் அதை எடுத்துத் தெருவோரம் விட்டான். வீட்டைப் பூட்டிவிட்டு, இரவு சாப்பாட்டையும் எடுத்துக்கொண்டு, பின்னால் வருவதாகச் சொன்னான். பிரணவி தன் காரை எடுத்தாள். பிரதாபன் இடப்பக்க இருக்கையில் ஏறினான். ஓட்டுபவள் அவனுக்கு வலப்பக்கம் இருந்தாள். நெடுஞ்சாலையில் ஏறும்வரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“முந்தி உனக்குச் சைக்கிள் குடுத்தாலே ஓடமாட்டாய்,” என்றான்.

“ஓம்.”

“டொக்டர் கேட்டா, வேலை, யூட் எல்லாம் சொல்லுவியோ?”

“சொல்லுவன், அண்ணா.”

“கடைகளடியிலை நடந்ததும்?”

“அதை நீங்கள் சொல்லுங்கோ.”

கடல் வந்து போனது. அது அவனுடைய இடப்பக்கத்தில் இருந்தது. அவன் திரும்பவில்லை.

“இன்னும் ஒரு எட்டு மாசம் பொறுத்திருந்தா விசா எல்லாம் சரி வந்திருக்கும்,” என்றான். அவளுக்குச் சொன்னதுபோல் இல்லை. “பெரியவள் இஞ்சை பள்ளிக்கூடம் போயிருப்பாள்.”

அவள் வழித்தடத்தை மாற்றினாள். சைகை விளக்கு டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருந்தது. அணைக்க மறந்துபோனாள்.

ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்தார்கள். என்ன விசா என்று மேசையில் இருந்தவர் கேட்டார். “வேர்க் விசா,” என்றான் பிரதாபன், பள்ளிக்கூடத்தில் பதில் சொல்வதுபோல் நிமிர்ந்து நின்று. பிறகு காத்திருந்தார்கள். கூப்பிட்டபோது அவன் எழுந்து, கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டு உள்ளே போனான்.

மருத்துவர் இளம் பெண். பொறுமையானவர். எல்லாவற்றையும் கேட்டார். யூட்டைப் பற்றி பிரணவி சொன்னாள். பிள்ளைவண்டியைப் பற்றி பிரதாபன் தானே சொன்னான், தெரிந்த ஆங்கிலத்தில், ஒன்றையும் குறைக்காமல். மருத்துவர் எழுதுவதை நிறுத்தி அவனைப் பார்த்தார். பிறகு கதிரையை இழுத்து அவனுக்கு நேரெதிரே உட்கார்ந்தார்.

தன் மூக்கையே பார்க்கச் சொன்னார். இரண்டு கைகளையும் இரண்டு பக்கமும் விரித்தார். எந்த விரல் அசைகிறதோ அந்தப் பக்கத்தைக் காட்ட வேண்டும் என்றார். பிரணவி சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

முதலில் அவனுடைய வலப்பக்கத்தில் மருத்துவரின் விரல் அசைந்தது. பிரதாபன் உடனே காட்டினான். மறுபடி அசைந்தது. மறுபடி காட்டினான். கெட்டிக்காரப் பிள்ளையைப்போல், ஒவ்வொரு தரமும் கொஞ்சமும் பிந்தாமல்.

பிறகு மருத்துவர் அவனுடைய இடப்பக்கம் இருந்த தன் விரலை அசைத்தார். பிரதாபன் அவருடைய மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். விரல் நிற்காமல் அசைந்தது. மருத்துவர் கையை மெல்ல மெல்ல உள்ளே கொண்டுவந்தார். முகத்துக்கு மிகவும் கிட்ட, அவன் கன்னத்துக்கு நேரே வந்தும் விரல் அசைந்துகொண்டே இருந்தது. பிரதாபன் முதுகை நிமிர்த்தி, இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்து, கண் வெட்டாமல், ஆயத்தமாகக் காத்திருந்தான்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கண்ணை எடுக்காமலே, தமிழில் மெதுவாகக் கேட்டான்:

“அவ இன்னும் தொடங்கேல்லையோ, பிள்ளை?”

பிரணவி சுவரிலிருந்து விலகி வந்து அவனுடைய இடது தோளில் கையை வைத்தாள்.

“தொடங்கீட்டா, அண்ணா,” என்றாள்.